மின்னிசையும் மின்சாரமற்ற ஊரும்

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு ஆண்டுதோறும் ஒலிக்கும் பாண்ட் இசை மாணவர்க்கு அலுத்துவிட்டது போலும். தாமே தெரிந்தெடுத்த ஆங்கிலப் பாட்டொன்றைக் கைப்பேசியிலிருந்து ஒலிபெருக்கியில் போட்டார்கள். தாளம் நிதானமாகத் தொடங்கிற்று. கேட்பதற்கு இனிமையாகவும் இருந்தது. பல்லவி வந்தபோது சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கி வேட்டுகள் வெடித்தன. தொடர்ந்து, கடையில் காசுப்பெட்டி திறக்கும் மணியோசை. மறுபடியும் வேட்டு. சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையார் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, மைதானத்தைப் பாராமல் வானத்தைப் பார்த்தார்.

நான் ஓடிச்சென்று பாட்டை நிறுத்தினேன். யுத்தம் கண்ட ஊரிலே வெடிச்சத்தத்துக்கு உடற்பயிற்சியா என்று கடிந்தும்கொண்டேன். பதினோராந் தரத்து மாணவனொருவன் தலையைக் குனிந்தபடி, ஆனால் பின்வாங்காமல், "சேர், இது எங்கட ஆள் பாடின பாட்டு" என்றான்.

"எங்கட ஆளோ?"

"ஓம் சேர். சின்னனிலை இஞ்சை கொன்வென்ரிலை படிச்சவ."

அவன் சொன்னது உண்மை. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம், மாயா என்று வீட்டார் அழைக்கும் பெண், யாழ்ப்பாணத்துத் திருக்குடும்பக் கன்னியர் மடத்தில் படித்தவர். பெயரை நான் கேள்விப்பட்டிருந்தேன். பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு பண்டைத் தமிழரின் இசையறிவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய தமிழ்ப் பட்டதாரிக்கு, தான் வாழும் குடாநாட்டிலிருந்து புறப்பட்ட இசையொன்றைப் பற்றிச் சொல்ல ஒரு வாக்கியமும் இருக்கவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆசிரியர் ஓய்வறையில் அன்று இதுபற்றி வாதம் நடந்தது. நம் பண்பாட்டைக் கெடுக்க வந்த மேனாட்டுச் சத்தம் என்றார் ஒருவர். முதலாளித்துவச் சந்தை இளைஞரை மயக்க விற்கும் சரக்கு என்றார் இன்னொருவர். அவர் நம் முகாமைச் சேர்ந்தவர். வேறெதிலும் ஒத்துப்போகாத இவ்விருவரும் இதில் ஒன்றுபட்டார்கள் என்பதே எனக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. மனிதன் வாசித்தால் இசை, இயந்திரம் வாசித்தால் வெறும் சத்தம் என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவாக இருந்தது. இவ்வெண்ணம் புதியதன்று. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களினின்றும் விலக்கி வைத்தது. அத்தடை எழுபதுகளின் தொடக்கம் வரை நீடித்தது. கடல்கடந்து வந்த வயலினை மடியில் வைத்துத் தியாகையர் கீர்த்தனை வாசித்தவர்கள், கடல்கடந்து வந்த ஆர்மோனியத்துக்கு மட்டும் குடியுரிமை மறுத்தார்கள். தெருக்கூத்துக்காரனும் நாடகக்காரனும் யார் அனுமதியையும் கேளாமல் அதை வாசித்துக்கொண்டேயிருந்தார்கள்.

சிந்தசைசர் என்னும் மின்னொலிக் கருவியையும் தாள இயந்திரத்தையும் கொண்டு ஆக்கப்படும் நடன இசை எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது என்று பார்த்தால், ஓய்வறைத் தீர்ப்பு நிற்கவில்லை. ஜேர்மனியின் தொழில் நகரங்களை அடுத்த டுசல்டோர்வில் கிராஃப்ற்வேர்க் என்ற குழுவினர் எழுபதுகளில் நெடுஞ்சாலையையும் புகையிரதத்தையும் மின்னொலியால் பாடினர். 1977இல் மூனிச் நகரில் ஜோர்ஜியோ மொரோடர் முழுப் பின்னணியையும் ஏறத்தாழ இயந்திரத்தாலேயே அமைத்து டொனா சமரைப் பாடவைத்தார். டிஸ்கோக் கூடங்களின் திசையே மாறிற்று. இங்கிலாந்தில் சிந்த்-பொப் என்ற பெயருடன் இது தழைத்த ஊர்களுள் ஒன்று உருக்காலைகளின் ஊரான ஷெஃபீல்ட். அங்கே த ஹியூமன் லீக் குழுவைத் தொடங்கியவர்களில் இருவர் கணினி இயக்குநர்களாக வேலை பார்த்தவர்கள். அதன் பாடகர் பில் ஓக்கி வைத்தியசாலையில் சிற்றூழியராக இருந்தவர். பிரித்தானிய உருக்குத் தொழிலாளர் 1980இல் நாடளாவிய வேலைநிறுத்தம் செய்தனர். மறு ஆண்டில் இக்குழுவின் 'டேர்' இசைத்தட்டு வந்தது.

இதைவிடச் சுவையானது ஓர் இயந்திரத்தின் கதை. ஜப்பானிய நிறுவனமான ரோலண்ட் 1980இல் டி.ஆர்.-808 என்ற தாள இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. உண்மையான மேளம் போல் அது ஒலிக்கவில்லை என்று வசதியுள்ள இசைவாணர் ஒதுக்கினர். 1983இல் உற்பத்தியே நின்றுபோயிற்று. பழைய பொருட் கடைகளுக்கும் அடகுக் கடைகளுக்கும் மலிவு விலையில் வந்து சேர்ந்த அப்பெட்டிகளை வாங்கியவர்கள் அமெரிக்க நகரங்களின் கறுப்பு இளைஞர்கள். நியூயோர்க்கின் ஹிப்-ஹொப்பும், மோட்டார் வாகனத் தொழிற்சாலைகள் மூடுண்டுகொண்டிருந்த டிற்றோயிற்றின் ரெக்னோவும், சிக்காகோவின் ஹவுஸ் இசையும் இவ்வாறு கழித்து எறியப்பட்ட இயந்திரங்களின் உதவியால் உருவாயின. கிராஃப்ற்வேர்க்கின் இராகத்தை எடுத்து 808இன் தாளத்தில் ஏற்றிய ஆஃபிரிக்கா பம்பாட்டாவின் 'பிளானற் ரொக்' 1982இல் வந்தது. வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாதவன் ஒரு பெட்டியையே குழுவாக்கிக்கொண்டான். சந்தை பின்னர் வந்து இதைத் தனதாக்கிக்கொண்டதை நான் மறுக்கவில்லை. நாட்டார் பாடலையும் அது அவ்வாறே செய்தது. அதனால் நாட்டார் பாடல் சந்தையில் பிறந்ததென்று நாம் சொல்வதில்லையே.

அதே 1982இல் பம்பாயில் சரஞ்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் ரோலண்ட் பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து இராகங்களை டிஸ்கோத் தாளத்தில் வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று அதைக் கேட்பார் இல்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே உலகம் வியந்தது. பப்பி லகிரி இசையமைத்த 'டிஸ்கோ டான்சர்' படம் வந்ததும் அவ்வாண்டே. சோவியத் நாட்டில் அப்படம் பெற்ற வரவேற்பை நம் மூத்த தோழர்கள் அறிவர். யாழ்ப்பாணத்து வீடுகளின் கொண்டாட்டங்களிலும் அதன் பாட்டு ஒலித்தது. ஆடிய குழந்தைகளில் மாயாவும் ஒருத்தி. கால் நூற்றாண்டின் பின் அதே பாட்டை 'ஜிம்மி' என்ற பெயரில் தம் குரலில் அவர் புதுக்கிப் பாடினார்.

நம்மூரில் ஆட்டப் பாட்டு இதற்கு முன்னரும் இருந்தது. போர்த்துக்கேயரும் அவர்கள் கொண்டுவந்த ஆபிரிக்கரும் விட்டுச்சென்ற பைலாத் தாளத்தில், அறுபதுகளின் பிற்பகுதி முதல் நித்தி கனகரத்தினமும் பின்னர் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பாடினார்கள். பொப் இசை என்று அதற்குப் பெயர். கள்ளுக்கடையையும் மாமியையும் பாடிய அப்பாடல்களைத் திருமண வீடுகளில் ரசித்தவர்களே இசை வரலாறு எழுதும்போது மறந்தார்கள். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

எண்பதுகளின் நடுவில் இளையராஜாவின் 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படப் பாடல்கள் வழியாகச் சிந்தசைசரின் ஒலி தமிழ்க் காதுக்கு நன்கு பழகிற்று. உலகமெங்கும் இசை மின்மயமாகிக்கொண்டிருந்த அந்த வேளையில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமற் போனது. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் ஆண்டுக்கணக்காக இங்கு மின்சாரம் இருக்கவில்லை. பொருளாதாரத் தடையின் பட்டியலில் எரிபொருளோடு டோர்ச் லைற்றுக்குப் போடும் பற்றரியும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டுத் திரியேற்றிய விளக்கில் ஒரு தலைமுறை படித்தது.

எனக்கு அப்போது ஆறேழு வயது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி வானொலி கேட்போம். கசெற் போட்டுப் பாட்டுக் கேட்பதும் அவ்வாறே. சுற்றுபவனின் கை சோர்ந்தால் பாடகியின் குரல் தடித்து ஆண்குரலாகிவிடும். திடீரென்று வேகம் பிடித்தால் கீச்சிடும். தாளம் தப்பாமல் பாட்டுக் கேட்க வேண்டுமாயின் ஒருவன் தாளம் தப்பாமல் உழைக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் அவ்வேலை பெரும்பாலும் என் அண்ணனுக்கு. அவன் பாட்டை ரசித்ததாக எனக்கு நினைவில்லை. மின்னிசையில் மனித உழைப்பு இல்லை என்று யாராவது சொன்னால் அந்தச் சைக்கிள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

மாயா அதற்கு முன்னரே ஊரைவிட்டுப் போய்விட்டார். 1975இல் இலண்டனில் பிறந்த அவரை ஆறுமாதக் குழந்தையாகப் பெற்றோர் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தனர். தந்தை அருள்பிரகாசம், அருளர் என்ற பெயரில் அறியப்பட்டவர்; ஈழப் புரட்சி அமைப்பின் தொடக்ககாலத்தவருள் ஒருவர். இலக்கிய வாசகர் அவரை 'லங்கா ராணி' நாவலின் ஆசிரியராக அறிவர். 1977 கலவரத்தில் தென்னிலங்கையிலிருந்து விரட்டப்பட்ட தமிழ் மக்களை ஏற்றி வடக்கே வந்த கப்பலின் கதை அது. தலைமறைவு வாழ்க்கையில் அவர் எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பாதுகாப்புக் கருதிப் பிள்ளைகளுக்கு 'மாமா' என்றே அறிமுகப்படுத்தப்பட்டாராம். குடும்பத்தைத் தாங்கியவர் தாய் கலா. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை, மீண்டும் யாழ்ப்பாணம் என்று அலைந்து, 1986இல் பிள்ளைகளுடன் அகதியாக இலண்டன் சேர்ந்தார். புறநகரான மிச்சமில் அகதிகளும் ஏழைகளும் வாழும் தொடர்மாடிக் குடியிருப்பு. தாய்க்குத் தையல் வேலை. பதினொரு வயதை எட்டிய மாயாவுக்கு ஆங்கிலமே ஒழுங்காகத் தெரியாத நிலை. வீட்டிலிருந்த வானொலியை யாரோ களவெடுத்துவிட, அயல்வீட்டுச் சுவரைத் தாண்டி வந்த ஹிப்-ஹொப் பாட்டைக் கேட்டுத் தூங்கியதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார்.

அவர் படித்தது சித்திரமும் திரைப்படமும். சென்ற் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சங்கீதம் முறையாகப் பயின்றவரல்லர். 2001இல் தமிழ் இளைஞரைப் பற்றிய ஆவணப்படம் எடுக்க இலங்கைக்கு வந்தார், படம் நிறைவேறவில்லை. இலஸ்ரிக்கா என்ற ரொக் குழுவின் பாடகி ஜஸ்ரின் ஃபிரிஷ்மனோடு பழகிய காலத்தில், பீச்சஸ் என்ற பாடகி ரோலண்ட் எம்.சி.-505 என்னும் பெட்டியை அவருக்குக் காட்டினார். தாளமும் சிந்தசைசரும் ஒன்றாயமைந்த கருவி அது. இரவல் வாங்கிய அப்பெட்டியிலேயே முதற் பாட்டுகளை அமைத்தார். 'கலங்' என்ற பாட்டு 2003இல் வெறும் 500 தட்டுகளாக அச்சாகி இலண்டன் நடனக் கூடங்களுக்குச் சென்றது. 2005இல் முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'அருளர்'. 2007இல் வந்த இரண்டாவதன் பெயர் 'கலா'. வீட்டிலில்லாத தந்தைக்கு ஒன்று, விட்டுப்போகாத தாய்க்கு ஒன்று. என் அபிப்பிராயத்தில் தாயின் பெயர் பெற்றதே இரண்டில் சிறந்தது. முதலாவதில் கோபம் மிகுதி, இரண்டாவதில் உலகம் இருக்கிறது.

அதற்கும் காரணம் ஒரு தடைதான். 2006இல் அமெரிக்கா செல்ல அவருக்கு விசா கிடைக்கவில்லை. அங்குள்ள பெரிய இசையமைப்பாளரோடு செய்யவிருந்த வேலை நின்றது. ஆகவே அவர் சென்னைக்கும், ஜமெய்க்காவுக்கும், திரினிடாட்டுக்கும், லைபீரியாவுக்கும், அவுஸ்திரேலியாவுக்கும் சென்று அங்கங்கே ஒலிப்பதிவு செய்தார். சென்னையில் அவர் தேடிப்போனது உறுமி மேளத்தை. நான் மிகவும் விரும்பிக் கேட்கும் 'பேர்ட் ஃபுளூ' என்ற பாட்டு முழுவதும் அம்மேளத்தின் மீதே நிற்கிறது. உறுமியை வளைகோலால் தேய்க்கும்போது வரும் ஓலத்தை ஆயிரம் ரூபா சிந்தசைசரும் தராது, இலட்ச ரூபா சிந்தசைசரும் தராது. அதை அறிந்தே அவர் இயந்திரத்தைக் கீழே அடக்கி மேளத்தை மேலே விட்டிருக்கிறார். தொகுப்பின் தொடக்கப் பாட்டிலோ இளையராஜாவின் 'தளபதி' படப் பாட்டொன்றின் துண்டு சுழன்று சுழன்று வருகிறது. குடாநாட்டு வாசகர் அந்தச் சில விநாடிகளைக் கேட்டவுடன் அடையாளங் காண்பர். நியூயோர்க்கில் ஆடியவர்களுக்கு அது முகமறியாத ஓசை.

இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டியிருக்கிறது. தோல் மேளத்தை யார் தொடலாம், அது எங்கே ஒலிக்கலாம் என்பது நம் சமூகத்தில் சாதியின் கேள்வி. யாழ்ப்பாணத்தில் கோயில் வீதியில் தவில் ஒலிக்கும். பறை சாவீட்டில் ஒலிக்கும். அதை அடிப்பவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தி வைத்தோம். 1966 ஐப்பசி 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தின்மீது பொலிசார் தடியடி நடத்தியதையும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்ததையும் நமது சஞ்சிகைகள் அன்று எழுதின. பறையடிக்க மறுப்பதே மானத்தின் முதற்படியாகத் தோன்றிய காலமும் இருந்தது. ஆகவே, மேளத்தை மேடையேற்றிவிட்டார் என்று மாயாவைப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது; அம்மேளத்தை அடித்த சென்னைக் கலைஞரின் பெயரை அந்த நடனக் கூடங்களில் எவராவது கேட்டிருப்பாரா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். பாட்டின் இலாபத்தில் மேளகாரனின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் ஒன்றே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே சடங்குக்கு வெளியே ஒலிக்கக் கூச்சப்பட்ட தோல், அங்கே ஆடல் அரங்கின் நடுவில் தன்னுடைய முழுச் சத்தத்தோடு ஒலித்தது. நம் இசையாசிரியர்கள் செய்யாத காரியம் அது.

இனி, என் கையால் நிறுத்தப்பட்ட பாட்டுக்கு வருகிறேன். 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற அது 'கலா' தொகுப்பில் உள்ளது. விசாவுக்காகக் காத்திருந்த நாட்களின் எரிச்சலில் எழுந்த பாட்டு. அதன் அடிநாதமாக ஓடும் கித்தார் ஒலி, த கிளாஷ் என்ற பிரித்தானியக் குழு 1982இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்தது. அந்த மூலப் பாட்டு, வேலையிழந்த உருக்குத் தொழிலாளரையும் வந்தேறிகளையும், வியட்நாமில் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பாடுவது. குடியேறிகளைக் கண்டால் கள்ளன் என்றும் கொலைகாரன் என்றும் பார்க்கும் மேனாட்டானின் பார்வையை மாயா பாத்திரமாக்கி நடித்துக் காட்டுகிறார். உன் மனத்தில் என்னைப் பற்றிக் கேட்கும் சத்தம் இதுதானே என்று வேட்டையும் காசுப்பெட்டியையும் அவன் காதுக்கே திருப்பி விடுகிறார். 2008இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது நான்காம் இடம் வரை ஏறிற்று. அந்நாட்டின் பிரபல இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவர் பாடியபோது வேட்டோசையை மட்டும் மாற்றிவிட்டார்களாம். அதற்கு முன் 'சண்ஷவர்ஸ்' என்ற பாட்டில் பலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருவதால் எம்.ரி.வி. அதை ஒளிபரப்பத் தயங்கியது. இவற்றைப் படித்தபோது மைதானத்தில் நான் நின்ற பக்கம் எது என்று எனக்குச் சங்கடமாயிற்று. ஆயினும் வானத்தைப் பார்த்த அந்த அம்மையாரின் முகமும் மறக்கவில்லை. இலண்டனில் அங்கதமாக ஒலிக்கும் வேட்டு, இங்கே வேட்டாகவே ஒலிக்கிறது. பாட்டை நிறுத்தியது தவறென்று இன்றும் நான் சொல்லமாட்டேன்; ஏன் நிறுத்தினேன் என்பதை மாணவரோடு உட்கார்ந்து பேசாமல் விட்டதே தவறு.

2009 மாசி 8ஆந் திகதி, நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி விருது மேடையில் ஆடிப் பாடினார். அம்மாதத் தொடக்கத்தில்தான் புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்தன. ஏ.ஆர். ரகுமானுடன் அவர் சேர்ந்து ஆக்கிய 'ஓ சாயா' அவ்வாண்டு ஒஸ்கார் பரிந்துரை பெற்றது. கிடைத்த ஒவ்வொரு மேடையிலும், தொலைக்காட்சியிலும் அவர் வன்னி மக்களைப் பற்றிப் பேசினார். நாடறிந்த அரசியல்வாதிகள் மௌனித்திருந்த வேளையில் ஒரு நடனப் பாடகி பேசினார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். போரின் இறுதி மாதங்களில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறிற்று. நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவன். ஏ-9 வீதி மூடிக் கிடந்தது. மாலையானால் ஊரடங்கு. வாய்திறந்து பேச அஞ்சிய நாங்கள், எங்களுக்காக எங்கோ ஒருத்தி பேசுகிறாள் என்பதையும் அறியவில்லை.

அவர் பேசியதில் குறையும் உண்டு. பிரியமுள்ளவரிடத்தில்தான் குறையைச் சொல்ல உரிமையும் உண்டு. 1990 ஐப்பசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது அவருடைய பாட்டில் இல்லை. வன்னியில் பிள்ளைகளைப் பிடித்துப் படையிற் சேர்த்ததும் இல்லை. அரசின் கொடுமையைச் சொன்ன வாய் நம்மவர் செய்ததையும் சொல்லியிருந்தால், அக்குரலின் வலு குறைந்திராது. பணமும் புகழும் வந்தபின் நடந்த சில்லறைச் சச்சரவுகளையும், பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி பற்றி அவர் கூறிய அறிவியலுக்கு ஒவ்வாத கருத்துகளையும் நான் நியாயப்படுத்தப் போவதில்லை. 2015இல் வந்த 'போர்டர்ஸ்' பாட்டின் காட்சியில், கம்பி வேலிமீது மனிதர்கள் ஏறி நிற்பதையும் படகுகளில் நெருங்கி அமர்ந்திருப்பதையும் பார்த்தவர்கள், கலைஞராக அவர் எதை மறக்கவில்லை என்பதை அறிவர்.

அவர் சூடிய பெயரையும் சொல்ல வேண்டும். எம்.ஐ.ஏ. என்பது போர்க்களத்தில் காணாமற்போனோரைக் குறிக்கும் ஆங்கில இராணுவத் தொடரின் எழுத்துகள். தாம் வாழ்ந்த அக்ரன் என்ற இலண்டன் பகுதியின் பெயரைக்கொண்டு அத்தொடரைச் சற்றே திருகி, அங்கே காணாமற்போனவள் என்ற பொருளும் தொனிக்க வைத்தார். தம் வயதொத்த உறவினரொருவர் போரில் என்னவானார் என்று தெரியாதிருந்த காலத்தில் எடுத்த பெயர். 2017 மாசி 20ஆந் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கியபோது, அவர்கள் கையிலிருந்த படங்களில் இருந்தவர்கள் பலர் மாயாவின் வயதினர்.

இவற்றையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு சில கிழமைகளுக்குப் பின் பதினோராந் தரத்து வகுப்பில் ஒரு பாடவேளையைச் செலவிட்டேன். இலக்கணப் பாடத்தைக் களவெடுத்த வேளை அது, அதிபர் மன்னிப்பாராக. தாள இயந்திரத்தின் கதையைச் சொன்னேன். சைக்கிள் டைனமோவைப் பற்றிச் சொன்னபோது, கதை விடுகிறேனென்று நினைத்துச் சிரித்தார்கள். கடைசியில் மாயாவுக்குப் பிரித்தானிய அரசு எம்.பி.ஈ. பட்டம் வழங்கியதைக் கூறினேன். 2019இல் அறிவிக்கப்பட்டு 2020 தையில் கையளிக்கப்பட்டது. பேரரசின் பெயரால் வரும் பட்டத்தை இவர் ஏன் ஏற்றார் என்று நம்மவர் பலர் கேட்டனர். அவர் சொன்ன காரணம் இதுதான்: அகதியாக வந்த நாள் முதல் முப்பதாண்டுக்கு மேலாக அவருடைய தாய் செய்துவந்த தொழில், அரண்மனைக்காக அதே பதக்கங்களைக் கையால் தைப்பது. ஆயிரக்கணக்கில் தைத்திருக்கிறார். இங்கிலாந்து முழுவதிலும் அவ்வேலையைச் செய்தவர்கள் இரண்டே பெண்கள். அவருள் ஒருவர் கலா.

முன்வரிசையிலிருந்த மாணவி கையுயர்த்தினாள். அவளுடைய தாய் ஆடைத் தொழிற்சாலைப் பேருந்தில் விடியற்காலை போய் இருட்டியபின் வருபவர்.

"அந்த அம்மாவுக்கு எவ்வளவு சம்பளம் சேர்?"

சட்டப்படி கொடுக்கவேண்டிய ஆகக் குறைந்த கூலி என்று மகளே சொல்லியிருப்பதாகக் கூறினேன். மாணவி தலையசைத்துவிட்டு அதைத் தன் அப்பியாசக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அந்தப் பாட்டை இன்னொருமுறை போடலாமா என்று பின்வரிசைப் பையன் கேட்டான். யன்னல்களைச் சாத்தச் சொன்னேன்.